அரசாணிக் குழியில் இரண்டு கை

போன வாரம் சாயங்காலம் அக்கா மகன் வந்திருந்தான். டி.வி.எஸ். வண்டியின் முன்பக்கம் ஒரு யூரியா மூட்டை. அதை இறக்காமலே வண்டியை வாசலில் நிறுத்திவிட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தான். டீ டம்ளரைக் கையில் வாங்கியதும் கேட்டது இதைத்தான்.

“மாமா, செல்போன்ல ஒருத்தர் யூரியா விஷம்ங்கறார். போட்டா மண்ணு செத்துப்போகும்ங்கறார். உரக்கடையில கேட்டா, ஏக்கருக்கு ரெண்டு மூட்டை டி.ஏ.பி. போடாம அரசாணி காய்க்கவே காய்க்காதுங்கறாங்க. நான் யாரு பேச்சைக் கேக்கட்டுங்க?”

அவனுக்கு ஒரு ஏக்கர் இருக்கிறது. கிணற்றுப் பாசனம், மேலே செம்மண், ஒரு முழம் தோண்டினால் சுக்கான் என்னும் சுண்ணாம்புக் கல். வரும் ஆடிப் பட்டத்தில் அரசாணி போடப்போகிறான். கொங்குப் பக்கம் நாங்கள் அரசாணிக்காய் என்பதைச் சென்னையிலும் தஞ்சாவூரிலும் பரங்கிக்காய் என்கிறார்கள். வேறு ஊர்களில் மஞ்சள் பூசணி, சர்க்கரைப் பூசணி. பெயர் எதுவானாலும் கொடி ஒன்றுதான், அதன் பசியும் ஒன்றுதான்.

புதிதாக நிலத்துக்கு வரும் பிள்ளைகள் எல்லோரும் இப்போது இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். நல்ல கேள்வி. அவசரமாகப் பதில் சொல்லி அனுப்பக்கூடாத கேள்வி. அன்று இரண்டு டம்ளர் டீ குடித்து முடிக்கும்வரை அவனிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மூட்டையின் தையலைப் பிரித்து ஒரு கை யூரியா எடுத்துவரச் சொன்னேன். பேப்பர் கப்பில் பாதி தண்ணீர் ஊற்றி அதைப் போட்டுக் கலக்கி, கப்பை அவன் கையில் கொடுத்தேன்.

“ஜில்லுனு ஆகுதுங்க மாமா!”

ஆகும். யூரியா கரையும்போது தண்ணீரிலிருந்தே சூட்டை எடுத்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் கப்பின் அடியில் ஒரு மணிகூட மிச்சமில்லை. பிறகு கொல்லைப்புறம் கூட்டிப்போய்க் குப்பைமேட்டின் உள்ளிருந்து ஒரு கை மக்கிய குப்பையை அள்ளிப் பிழியச் சொன்னேன். விரல் இடுக்கில் ஈரம் கசிந்ததே தவிரத் தண்ணீர் சொட்டவில்லை. சாணி நாற்றம் துளியும் இல்லை. முதல் மழை பெய்த மண்ணின் வாசம். அதை இன்னொரு கப் தண்ணீரில் போட்டோம். தண்ணீர் லேசாகப் பழுப்பானது, குப்பை குப்பையாகவே கிடந்தது. நாளைக்கு வந்து பார்த்தாலும் அப்படியேதான் கிடக்கும்.

அவன் கேள்விக்கான பதிலில் பாதி இந்த இரண்டு கப்பிலேயே இருக்கிறது. மீதிப் பாதி, எதை எப்போது, எங்கே போடுவது என்பது.

விஷம் என்ற பேச்சை முதலில் முடித்துவிடுவோம். மாட்டுக் கோமியத்தில் இருப்பதும் யூரியாதான். ஆலையில் செய்யும் யூரியாவும் அதே பொருள்தான், அணுவுக்கு அணு மாறாமல். 1828-இல் ஜெர்மனியின் வேதியியல் அறிஞர் பிரெடரிக் வோலர் சோதனைக் கூடத்தில் யூரியாவை உண்டாக்கிக் காட்டியபோது உலகம் வியந்ததற்குக் காரணமே அதுதான். உயிருள்ள உடலில் மட்டுமே உண்டாகும் என்று நினைத்திருந்த பொருள் அது. பொட்டாஷ், எந்தக் காலத்திலோ வற்றிப்போன கடல்கள் விட்டுச்சென்ற உப்பு. கனடாவிலும் ரஷ்யாவிலும் பெலாரசிலும் சுரங்கத்தில் வெட்டி எடுக்கிறார்கள். சூப்பர் பாஸ்பேட், பாறையை அமிலத்தில் கரைத்தது. செடியின் வேர் இவற்றை உறிஞ்சும்போது மூட்டையிலிருந்து வந்ததா, மாட்டுத் தொழுவத்திலிருந்து வந்ததா என்று பார்ப்பதில்லை. எங்கிருந்து வந்தாலும் நைட்ரேட் நைட்ரேட்தான்.

“அப்ப குப்பையே வேண்டாமுங்களா?” என்றான்.

வேண்டும். குப்பையைச் சோறு என்று நினைப்பதால்தான் இந்தக் குழப்பம். குப்பை சமையல்கட்டு. அதில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் சமைத்துக்கொண்டே இருக்கின்றன. ஈரத்தைப் பிடித்து வைப்பதும், மண்ணைப் பொலபொலப்பாக்கி வேருக்கு வழிவிடுவதும், மூட்டை உரம் தண்ணீரோடு கீழே இறங்கிப் போகாமல் தாங்கிப் பிடிப்பதும் அந்தச் சமையல்கட்டுதான். யூரியா ஆக்கிய சோறு, அப்போதே தின்னலாம். சமையல்கட்டே இல்லாத வீட்டில் மூன்று வேளையும் ஓட்டலில் வாங்கித் தின்னவேண்டும்; சமையல்கட்டு மட்டும் இருந்து, பிள்ளை பசியில் அழும் நேரத்துக்குச் சோறு ஆகவில்லை என்றால் அதுவும் சிரமம்தான். அரசாணிக் கொடி பசித்து அழும் பிள்ளை. ஆரம்பத்தில் மூன்று நான்கு வாரம் மெதுவாக வளரும், எதையும் அதிகம் கேட்காது. பிறகு ஒரே ஓட்டம். ஓடுகிற அந்த நாட்களில் வயிறு நிறைய வேண்டும்.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தால் தெளிவாகும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரங்கிக்குச் சொல்லும் அளவு இது: இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் இடைவெளியில் குழி, குழிக்குப் பத்துக் கிலோ தொழுவுரம், அடியுரமாகத் தழை, மணி, சாம்பல் சத்துகள் 6:12:12 என்ற கணக்கில் உள்ள கலவை 100 கிராம், விதைத்த முப்பதாம் நாள் மேலுரமாகத் தழைச்சத்து 10 கிராம். ஏக்கருக்கு ஏறக்குறைய ஆயிரம் குழி வரும்.

6:12:12 என்ற கலவை கடையில் கிடைக்காவிட்டால் நாமே கலந்துகொள்ளலாம். குழிக்கு 75 கிராம் சூப்பர், 20 கிராம் பொட்டாஷ், 13 கிராம் யூரியா. முப்பதாம் நாள் மேலுரத்துக்கு 22 கிராம் யூரியா. ஆயிரம் குழிக்குப் பெருக்கினால் சூப்பர் ஒன்றரை மூட்டை, பொட்டாஷ் 20 கிலோ, யூரியா மொத்தமே 35 கிலோ. அவன் வண்டியில் இருந்தது 45 கிலோ மூட்டை. முழு வெள்ளாமைக்கும் அந்த ஒரு மூட்டை போதும், மிச்சமும் ஆகும்.

உரக்கடைக்காரர் சொன்ன இரண்டு மூட்டை டி.ஏ.பி.யை இதோடு வைத்துப் பார்க்கலாம். டி.ஏ.பி.யில் நூற்றுக்குப் பதினெட்டு தழைச்சத்து, நாற்பத்தாறு மணிச்சத்து. இரண்டு மூட்டை என்றால் 100 கிலோ. 46 கிலோ மணிச்சத்து. இந்தப் பயிருக்குச் சொன்னது 12 கிலோதான். கிட்டத்தட்ட நாலு மடங்கு. தழைச்சத்து 18 கிலோ, அதாவது முழுப் பயிருக்கும் சேர்த்துச் சொன்ன 16 கிலோவைவிட அதிகம். அதையும் வேர் விடாத விதைக்குப் பக்கத்தில் முதல் நாளே கொட்டுகிறோம். சாம்பல்சத்து ஒரு கிராம்கூட இல்லை. காய் பருக்க வேண்டிய பயிருக்கு அதைக் கொடுக்காமல், தேவைக்கு மேல் மணிச்சத்தை மட்டும் கொட்டினால் செடி துத்தநாகத்தை எடுப்பதும் குறையும். டி.ஏ.பி.தான் வேண்டுமென்றால் அரை மூட்டை போதும். கூடவே பொட்டாஷ் 20 கிலோ, மீதித் தழைச்சத்துக்கு யூரியா 25 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது குப்பைக் கணக்கு. நல்ல தொழுவுரத்தில் தழைச்சத்து நூற்றுக்கு அரை பங்கு இருக்கும். பத்துக் கிலோவில் 50 கிராம். மூட்டையிலிருந்து குழிக்குப் போவது 16 கிராம்தான். கேட்டதும் மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“குப்பையிலேயே மூணு மடங்கு இருக்குதுங்களே. அப்பறம் எதுக்குங்க யூரியா?”

இந்த இடத்தில்தான் இயற்கை விவசாயம் பேசுகிறவர்களும் உரக்கடைக்காரர்களும் ஆளுக்கொரு பாதியைப் பிடித்துக்கொள்கிறார்கள். அந்த 50 கிராமும் முதல் பயிருக்கே கிடைத்துவிடாது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எதிர்பார்ப்பதற்கில்லை. அதுவும் ஒரே நாளில் வராது. மாதக் கணக்கில், ஈரத்தையும் சூட்டையும் பொறுத்துச் சொட்டுச் சொட்டாக வரும். முப்பதாம் நாளுக்கும் அறுபதாம் நாளுக்கும் இடையில் கொடி கேட்கிற வேகத்துக்கு அந்தச் சொட்டு போதாது. அந்த இடைவெளியை அடைக்கத்தான் 22 கிராம் யூரியா. குப்பையில் சத்து இல்லை என்பதால் போடுவதில்லை. குப்பையின் நேரமும் கொடியின் நேரமும் ஒத்துப்போகாததால் போடுகிறோம்.

மிச்சம் மூன்றில் இரண்டு பங்கு வீணாகிவிடுவதில்லை. அடுத்த பயிருக்கும் அதற்கடுத்த பயிருக்கும் மண்ணில் இருக்கிறது. ஒவ்வொரு வருசமும் குப்பை அடிக்கிற நிலத்தில் இந்தப் பழைய பாக்கி சேர்ந்துகொண்டே வரும். அப்படிப்பட்ட நிலத்தில் மூட்டையைக் குறைக்கலாம், குறைக்கத்தான் வேண்டும். குப்பையையும் போட்டு மூட்டையையும் முழு அளவில் வருசா வருசம் கொட்டுவது சேர்த்துப் போடுகிற முறையே அல்ல. எவ்வளவு குறைப்பது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, மண் பரிசோதனைதான் சொல்லும். நிலத்தில் பத்துப் பதினைந்து இடத்தில் மேல்புல்லை அகற்றி, ‘வி’ எழுத்தைப் போல அரை அடி ஆழத்துக்கு வெட்டி, ஓரத்து மண்ணைச் சீவி எடுத்து, எல்லாவற்றையும் கலந்து அரைக் கிலோவை மண் பரிசோதனைக் கூடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். குப்பைமேட்டுக்குக் கீழே, வரப்போரம், மர நிழல் ஆகிய இடங்களில் எடுக்கக்கூடாது.

சத்தின் அளவு குப்பைக்குக் குப்பை மாறும் என்பதையும் சொல்லவேண்டும். கோழி எருவில் தொழுவுரத்தைப் போல ஐந்தாறு மடங்கு தழைச்சத்து இருக்கும். அதையும் குழிக்குப் பத்துக் கிலோ என்று போட்டால் நாற்று வெந்துபோகும். இரண்டு கிலோவே தாராளம், அதுவும் மக்கவைத்துத்தான். ஆட்டுக்கிடை மறித்த நிலமாக இருந்தால் புழுக்கையும் மூத்திரமும் ஏற்கனவே நிலத்தில் இறங்கியிருக்கும். கிடைக்காரர் எத்தனை ராத்திரி மறித்தார் என்று நினைவு வைத்துக்கொண்டு யூரியாவில் கை குறைக்கவேண்டும்.

குப்பையில் பெரிய தவறு மக்காததைப் போடுவது. என் பேச்சில் கொஞ்சம் கடுமை வரும் இடம் இது, ஏனென்றால் ஒரு வருசம் நானே அனுபவித்தேன். தாளும் தட்டும் கலந்து பாதி மக்கிய குப்பையைக் குழியில் போட்டு மறுநாளே விதைத்தேன். முளைத்த நாற்று இரண்டாவது இலையிலேயே வெளிறி நின்றது. காரணம் அப்போது தெரியவில்லை. சமையல்கட்டுக் கணக்கில் சொன்னால், சமைக்கிறவர்களுக்கும் பசி உண்டு. தாளிலும் வைக்கோலிலும் கார்பன் மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. நெல் வைக்கோலில் எழுபது எண்பது பங்கு கார்பனுக்கு ஒரு பங்கு தழைச்சத்துதான். அதை மக்கவைக்கிற நுண்ணுயிர்கள் தங்கள் உடம்பு வளர மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் எடுத்துக்கொள்கின்றன. அவை தின்று முடிக்கும்வரை செடி காத்திருக்க வேண்டும். கார்பன் இருபது இருபத்தைந்து பங்குக்குக் கீழே இறங்கிய பிறகுதான் குப்பை வாங்குவதை நிறுத்திக் கொடுக்கத் தொடங்கும்.

குப்பை மக்கிவிட்டதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கை குப்பையை லேசாக ஈரப்படுத்தி பிளாஸ்டிக் பையில் கட்டி நான்கைந்து நாள் நிழலில் வைத்துப் பிறகு திறந்து முகர்ந்து பாருங்கள். புளித்த வாடை அடித்தால் இன்னும் ஆகவில்லை, மண்வாசம் வந்தால் ஆகிவிட்டது. குப்பைமேட்டுக்குள் கையை விட்டால் சூடு இருக்கக்கூடாது. வைக்கோலின் உருவம் தெரியக்கூடாது. பச்சைச் சாணியில் வண்டுப் புழுவும் கரையானும் வரும் என்பது பாட்டிமார் காலத்திலிருந்தே தெரிந்த விசயம்.

மணிச்சத்துக்கு வருவோம். எங்கள் பக்கத்துச் சுக்கான் பூமிக்கு இது முக்கியம். சூப்பரில் இருக்கும் மணிச்சத்து தண்ணீரில் கரைந்ததும் மண்ணில் உள்ள சுண்ணாம்பைப் பார்த்துவிட்டால் அதனோடு சேர்ந்து இறுகிவிடும். பிறகு வேருக்குச் சுலபமாகக் கிடைக்காது. போதாக்குறைக்கு மணிச்சத்து மண்ணில் நகரவும் நகராது. போட்ட இடத்திலேயே கிடக்கும். மேலே தூவிவிட்டால் வேர் அதைத் தேடி மேலே வராது. அதனால்தான் மணிச்சத்து முழுவதையும் அடியுரமாகக் குழிக்குள்ளேயே வைக்கிறோம்.

குப்பையும் மூட்டையும் ஒன்றுக்கொன்று உதவுவதை நேராகக் காட்டும் முறை ஒன்று உண்டு. ஊட்டமேற்றிய தொழுவுரம் என்று பெயர். கடலைக்கும் பயறு வகைகளுக்கும் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் முறை. நான் அரசாணிக்கும் செய்துவருகிறேன். ஏக்கருக்கு 300 கிலோ நன்றாக மக்கிய குப்பையைத் தனியாக நிழலில் கொட்டி, அதில் 75 கிலோ சூப்பரையும் கலந்து, பிடித்தால் உருண்டையாக நிற்கும் அளவுக்கு ஈரம் தெளித்து, மூடி ஒரு மாதம் வைக்கவேண்டும். இந்த ஒரு மாதத்தில் மணிச்சத்தின் ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் உடம்பில் ஏற்றிக்கொள்கின்றன. மீதியைக் குப்பையின் மக்கு சூழ்ந்துகொள்கிறது. குழிக்குப் போனபின் சுண்ணாம்பு அதை அவ்வளவு சுலபமாகப் பிடிக்க முடியாது. கொடுப்பது அதே 75 கிலோ சூப்பர்தான், ஆனால் வேருக்குப் போய்ச் சேருவது கூடுகிறது. ஆயிரம் குழிக்குப் பிரித்தால் குழிக்கு 375 கிராம் வரும். ஒருமுறை தராசில் எடை போட்டு, வீட்டில் கிடக்கும் டப்பா ஒன்றில் அந்த மட்டத்துக்குக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கைக்கணக்கு வேண்டாம், ஆள் மாறினால் கை மாறும்.

அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா போன்ற உயிர் உரங்களைப் போடுகிறவர்கள் அவற்றை வேறு குப்பையில் கலந்து போடவேண்டும். யூரியா, பொட்டாஷ் உப்போடு நேராகக் கலந்தால் அந்த உயிர்கள் தாங்காது. பத்து நாளாவது இடைவெளி வேண்டும். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றும் இல்லை.

இரண்டாவது டீ வந்தது. மாப்பிள்ளை மேலுரத்தைப் பற்றிக் கேட்டான். அதைத்தான் நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். அரசாணியில் காசு வருவதும் போவதும் அங்கேதான்.

இந்தக் கொடியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. முதலில் வருவதெல்லாம் ஆண் பூ. நீளமான மெல்லிய காம்பில் நிற்கும். சில நாள் கழித்துத்தான் பெண் பூ வரும். காம்பு குட்டையாக, இதழுக்குக் கீழே கோலிக்குண்டு அளவில் ஒரு பிஞ்சோடு. பிஞ்சைப் பார்த்தாலே சின்னப் பிள்ளைகூட அடையாளம் சொல்லும். விடியும்போது விரிந்து, வெயில் ஏறும்போது இரண்டு பூவும் வாடிவிடும். மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது. காற்றில் பறந்து போய்ச் சேராது. அந்தச் சில மணி நேரத்தில் தேனீ வந்து எடுத்துப்போய்ச் சேர்த்தால்தான் பிஞ்சு நிற்கும். இல்லாவிட்டால் மஞ்சளாகி உதிர்ந்துவிடும். காலை நேரத்தில் பூச்சிமருந்து அடிக்கவே கூடாது என்று நான் கெஞ்சிக் கேட்பது இதனால்தான்.

தழைச்சத்து இதில் எங்கே வருகிறது? அளவுக்கு மிஞ்சிய தழைச்சத்து கிடைத்தால் கொடி இலையும் தண்டுமாக ஓடும். ஆண் பூ குவியும், பெண் பூ வருவது தள்ளிப்போகும். அசுவினியும் சாம்பல் நோயும் அந்தப் பசுமைக்குத் தேடி வரும். ஒருமுறை நாற்பத்தைந்தாம் நாள் இலை லேசாக வெளிறியதைப் பார்த்துவிட்டு, பயத்தில் இன்னொரு கை யூரியாவைக் குழிக்குக் குழி போட்டேன். ஒரு வாரத்தில் இலை கருகருவென்று ஆனது. கொடி வரப்பைத் தாண்டிப் பக்கத்துக் காட்டுக்குள் ஓடியது. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்துப் பாராட்டினார்கள். உள்ளே போய் இலையை விலக்கினால் பெண் பூவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அந்த வருசம் காய் தாமதமாகத்தான் வந்தது, வந்ததும் குறைவு. யூரியாவின்மேல் குற்றமில்லை. நான் போட்ட நேரம்தான் தவறு.

எனவே முப்பதாம் நாள் என்றால் முப்பதாம் நாள்தான். கொடி ஓடத் தொடங்கும்போது, பெண் பூவுக்கு முன்னால். செடியின் தூரில் போடாமல் ஒரு சாண் தள்ளி வட்டமாகக் கீறி, அதில் தூவி, மண்ணால் மூடி, உடனே தண்ணீர் விடவேண்டும். மேலேயே தூவி வெயிலில் விட்டால் யூரியாவின் ஒரு பங்கு அம்மோனியா ஆவியாகப் போய்விடும். சுண்ணாம்பு மண்ணில் இன்னும் அதிகமாகப் போகும். 2015-லிருந்து நாட்டில் விற்கும் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசி வருகிறது. அது மண்ணில் நைட்ரேட்டாக மாறும் வேகத்தை மட்டுப்படுத்தும். மேலே கிடந்தால் ஆவியாவதை அது தடுக்காது, மண்தான் தடுக்கவேண்டும். சொட்டுநீர் இருந்தால் 22 கிராமையும் ஒரே நாளில் கொடுக்காமல் மூன்று நான்கு தவணையாகக் கரைத்து விடலாம். அது இன்னும் நல்லது.

பொட்டாஷை மணல் பாங்கான நிலத்தில் மட்டும் பாதியை அடியில் போட்டு, பாதியைப் பிஞ்சு பிடித்ததும் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். இலை ஆக்கிய மாவையும் சர்க்கரையையும் காய்க்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் சாம்பல்சத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அடுப்புச் சாம்பலிலும் அது இருக்கிறது. ஆனால் சாம்பல் காரம். யூரியாவோடோ, அம்மோனியம் சல்பேட்டோடோ, பச்சைச் சாணியோடோ கலந்தால் தழைச்சத்தை அம்மோனியாவாக விரட்டிவிடும். ஏற்கனவே சுண்ணாம்பு மிகுந்த நிலத்துக்குக் காரத்தைக் கூட்டவும் வேண்டாம்.

“இதெல்லாம் நீங்க பார்த்ததுங்க மாமா. ரெண்டையும் சேர்த்தாத்தான் நல்லதுன்னு ஆராய்ச்சி பண்ணிப் பார்த்திருக்காங்களா?” என்றான். அப்படிக் கேட்டது எனக்குச் சந்தோசமாக இருந்தது.

பார்த்திருக்கிறார்கள், நம் ஊரிலேயே. கோயம்புத்தூர் வேளாண் கல்லூரி நிலத்தில் 1909-இல் நிரந்தர உரச் சோதனை ஒன்றைத் தொடங்கினார்கள். ஒரே நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒன்றுக்கு எதுவும் இல்லை, ஒன்றுக்குத் தழைச்சத்து மட்டும், ஒன்றுக்குத் தொழுவுரம் என்று தலைமுறை தாண்டியும் அதே துண்டுக்கு அதே உரமாகப் போட்டுவந்தார்கள். அதே 1909-இல்தான் ஜெர்மனியில் பிரிட்ஸ் ஹேபர் காற்றிலிருந்து அம்மோனியாவை எடுத்துக் காட்டினார்; யூரியா மூட்டையின் கதை அங்கே தொடங்குகிறது. இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்னும் இடத்தில் 1843-லிருந்து ஒரு கோதுமை வயல் இப்படியே நடந்துவருகிறது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகமும் 1970 முதல் நாடு முழுக்கப் பல மண்ணில் நீண்டகாலச் சோதனைகளை நடத்துகிறது. இத்தகைய சோதனைகளில் திரும்பத் திரும்பத் தெரிவது இதுதான்: தழைச்சத்து மூட்டையை மட்டும் வருசா வருசம் போட்ட துண்டுகளில் விளைச்சல் காலப்போக்கில் இறங்குகிறது. மூன்று சத்தையும் அளவாகப் போட்டு அதோடு தொழுவுரமும் சேர்த்த துண்டுகளில் விளைச்சல் நிலைத்து நிற்கிறது, மண்ணின் கார்பனும் காப்பாற்றப்படுகிறது.

ஒரே பக்கமாகச் சாய்ந்தால் என்ன ஆகும் என்பதையும் கண்ணெதிரே பார்த்தோம். 2021 மே மாதம் இலங்கை அரசு ரசாயன உர இறக்குமதியை ஒரே நாளில் தடை செய்தது. நாடு முழுவதற்கும் வேண்டிய குப்பை தயாராக இல்லை. நிலத்துக்கு மாறிக்கொள்ள நேரமும் இல்லை. நெல் விளைச்சல் விழுந்தது, தேயிலைத் தோட்டங்கள் திணறின, அந்த நவம்பரிலேயே தடையை விலக்கிக்கொள்ள வேண்டிவந்தது. அதற்குள் அடிபட்டது சிறு விவசாயிகள். நம் நாட்டில் தவறு மறுபக்கம். 2010-இல் மணிச்சத்துக்கும் சாம்பல்சத்துக்கும் மானிய முறை மாறி அவற்றின் விலை ஏறியது. யூரியா மட்டும் 45 கிலோ மூட்டை முந்நூறு ரூபாய்க்குள்ளேயே நிற்கிறது. மலிவாகக் கிடைப்பதைக் கை அதிகமாக அள்ளுகிறது. விவசாயி பேராசையால் யூரியாவைக் கொட்டுகிறான் என்று பேசுகிறவர்கள் இந்த விலைப் பட்டியலையும் கொஞ்சம் பார்க்கவேண்டும்.

செல்போனில் பேசுகிற அந்த மனிதர் மண்ணைப் பற்றிக் கவலைப்படுவது சரி. அவர் சொல்கிற ஜீவாமிர்தமோ பஞ்சகவ்யமோ விடுவதில் எனக்கு எதிர்ப்பும் இல்லை. ஆனால் சந்தைக்கு அரசாணி ஏற்றியாக வேண்டிய, ஒரு மாடுதான் வைத்திருக்கிற பையனிடம் யூரியாவைத் தொடாதே என்று சொல்கிறவர், பத்து டன் குப்பைக்கு அவன் எங்கே போவான் என்பதையும் சொல்லவேண்டும். குப்பை குறைவாக இருக்கிறவர்களுக்கும் வழி உண்டு. நிலம் முழுக்க இறைக்காமல் குழியில் மட்டும் போடுவதே பெரிய சிக்கனம். பத்துக் கிலோ முடியாவிட்டால் ஐந்து கிலோ போடுங்கள். முதல் மழைக்குச் சணப்பையோ தக்கைப்பூண்டோ விதைத்துப் பூ எடுக்கும்போது மடக்கி உழுதால் நிலத்திலேயே தழை உரம் கிடைக்கும். வேப்பம் புண்ணாக்கில் தழைச்சத்து நூற்றுக்கு ஐந்து பங்கு இருக்கிறது. குழிக்கு ஒரு கை சேர்த்தால் மெதுவாகக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

அவன் கிளம்பும்போது இருட்டிவிட்டது. மூட்டையை மறுபடி கட்டிக்கொண்டே, “அப்ப இதை இப்ப என்னங்க மாமா பண்றது?” என்றான். ஈரம் படாமல் பலகைமேல் வை, விதைக்கும் வரைக்கும் அதற்கு வேலை இல்லை என்றேன். வேலை இருப்பது குப்பைமேட்டில்தான். ஆடிப் பட்டத்துக்கு விதைக்கப்போகிறவர்கள் எல்லோருக்கும் அதையே சொல்கிறேன். மண் மாதிரியை இந்த வாரமே எடுத்துக் கொடுங்கள். குப்பைமேட்டுக்குள் கையை விட்டுச் சூடு இருக்கிறதா என்று பாருங்கள். ஆறியிருந்தால் 300 கிலோவைத் தனியே அள்ளி, சூப்பரோடு கலந்து நிழலில் மூடிவையுங்கள். அதற்கு முழுதாக ஒரு மாதம் வேண்டும்.